உச்சிக்கொடைக்கு ஓர் அயர்லாந்து விஸ்கி

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது காலை ஒன்பது மணி. தோள்பையில் துண்டு சுற்றிய அயர்லாந்து விஸ்கி பாட்டில் ஒன்று. டப்ளின் விமான நிலையத்தில் நூற்று முப்பது யூரோ. திருச்சியிலிருந்து கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்திருந்தேன். அது எனக்கில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சுசீந்திரத்துக்கு ஆறு கிலோமீட்டர். பைக்கு வெளியே நீட்டிய பாட்டில் கழுத்தைப் பார்த்ததுமே ஆட்டோக்காரர் கேட்டார்.

“வெளிநாட்டுச் சாதனமா அண்ணாச்சி?”

“ஆமாங்க. சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு. ஒரு பொண்ணோட நேர்ச்சை.”

“அப்ப வழியில மூடியத் தொறந்திராதீய. மாடனுக்கு உள்ளத நாம மோந்து பாத்தாலே எச்சிலாக்கும்.”

அந்தப் பெண் சுதா. அவள் கணவன் குமரேசனும் நானும் ஒரே சரக்குக் கப்பலில், ஒரே அறையில் இருந்தவர்கள். இரண்டு வருடம் முன்பு, நடுக்கடலில் ஒரு விடியலில் அவன் படுக்கை காலியாகக் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. கருமாதி செய்வதா, காத்திருப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று மாடனிடமே கேட்டுவிடுவது, குமரேசனுக்குப் பிடித்த விஸ்கியையே படைப்பது என்று சுதா நேர்ந்திருந்தாள்.

எனக்கு விஸ்கி குடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்து பாரில், ஒரே மடக்காகக் குடிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டான். “மக்கா, இது சும்மா அடிக்கிய சாதனம் இல்ல. செம்புப் பானையில மூணு தடவ வடிச்சதாக்கும்.” ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்ப்பான். இரண்டு கைகளையும் மூக்கருகே குவித்து, இடது கண்ணை மட்டும் மூடி முகர்வான். அதற்குப் பிறகுதான் ஒரு மிடறு.

கோவில் என்பது வயல் நடுவே ஓர் ஆலமரமும் சுண்ணாம்பு பூசிய மண்பீடமும்தான். பகல் பன்னிரண்டுக்கு உச்சிக்கொடை. வில்லுப்பாட்டு சட்டென்று நின்றது. சுற்றிலும் விளைந்த நெல். ஒரு கதிர்கூட அசையவில்லை. அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது.

மாடன் இறங்கி ஆடும் கோமரத்தாடி ஊரில் கொத்தனார். அதற்குள் இரண்டு குப்பி பிராந்தியைத் தண்ணீர்போலக் கவிழ்த்திருந்தார். சுதா விஸ்கியை நீட்டினாள்.

“அவிய உயிரோட இருக்காவளா? சொல்லும் சாமி.”

அவர் மூடியைத் திறந்தார். ஆட்டம் நின்றது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். இரண்டு கைகளையும் மூக்கருகே குவித்தார். இடது கண் மட்டும் மூடியது. பிறகு ஒரே ஒரு மிடறு. வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் மண்ணில் சரிந்தார்.

“மாடன் வாக்கு குடுக்கல்ல” என்றார் பூசாரி.

உயிரோடு இருப்பவன் இன்னொருவன் உடம்பில் வரமாட்டான்.

மீதியை எவர்சில்வர் டம்ளரில் பிரசாதமாகத் தந்தார்கள். முகர்ந்தேன்: பச்சை ஆப்பிள், தேன், வறுத்த பார்லி. வெண்ணெய்போல வழுக்கி இறங்கி, கடைசியில் நாக்கில் லேசாக மிளகுக் காரம் நின்றது. இவ்வளவு நல்ல விஸ்கியை நான் குடித்ததே இல்லை. இரண்டாவது மிடறில் உப்புக் கரித்தது. அயர்லாந்து விஸ்கியில் உப்பு இருக்காது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

புறப்படும்போது சுதா வரப்பு வரைக்கும் வந்தாள்.

“அண்ணே, அவிய வீட்டுல செய்யது போலயே சாமி கையத் தேச்சத நீங்க பாத்தியளா?”

அவள் கழுத்தில் தாலிக்கயிறு புது மஞ்சளாக இருந்தது.

“இல்லம்மா. கண்ணுல வெயில் அடிச்சுது.”

அவள் தாலிக்கயிற்றை முந்தானைக்குள் எடுத்து விட்டுக்கொண்டாள்.

“நானும் பாக்கல்லண்ணே” என்றாள். “அடுத்த கொடைக்கும் இதே சாதனத்தக் கொண்டு வாங்க.”