ரோசம்மாள் தண்ணீரைக் குறைத்தாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்து பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ரோசம்மாளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். வயது நாற்பத்தெட்டு, மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. கணவர் இல்லை, கல்லூரிக்குப் போகும் மகள் ஷைனி மட்டும்தான். கம்பெனியில் ஒரு லைனில் நிற்கும் பதினாறு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை அட்டை. கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு நாளாவது அந்த லைனில் நின்று பார்த்திருக்கலாம்.

பொங்கல் கழிந்ததும் ரோசம்மாளுக்கு அடிக்கடி முட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. ஒரு ஷிப்டில் எட்டு முறை அட்டை கேட்டாள். லைன் லீடர் ஹேமநாத் ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே கூசிப்போனாள். பக்கத்தில் நிற்கும் செண்பகம்தான் வழி சொன்னாள்: காலையில் ஒரு டம்ளர், அப்புறம் சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும்வரை வாயில் தண்ணீர் படக்கூடாது. லைனில் பாதிப் பேர் செய்வதுதான். ரோசம்மாளும் செய்தாள். எட்டு, இரண்டாகக் குறைந்தது. முட்டுகிற உணர்வு மட்டும் போகவில்லை. அதை அடக்கப் பழகிக்கொண்டாள், பாவம்.

பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. நாலு வாய் சோற்றுக்கே கல்யாண விருந்து சாப்பிட்டது போல அடைத்தது. யூனிபார்ம் பேண்டின் பொத்தான் எட்டவில்லை, கைகளோ மெலிந்துகொண்டே வந்தன. தண்ணீர் குடிக்காததால் வந்த கேஸ் என்று தானே முடிவு கட்டினாள். ஓம வாட்டர் குடித்தாள், மெடிக்கல் ஷாப் மாத்திரை விழுங்கினாள். ஒரு நாள்கூட உப்பசம் விடவில்லை. கேஸ் என்றால் வரும், போகும்; இது போகவே இல்லை. அது அவளுக்கு உறைக்கவில்லை.

சித்திரையில் ஷைனி வற்புறுத்தி டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனாள். கூட்டத்தில் மகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தது இளம் டாக்டர், பொறுமையான பெண்.

"அடிக்கடி யூரின் போறீங்களாம்மா?"

"இல்ல மேடம். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டிதான்."

அதில் பொய் இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டாள், மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தாள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினாள். ரோசம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆடியில் லைனில் ஒருத்தி, வயிற்றைப் பார்த்து எத்தனை மாசம் என்று கிண்டல் செய்தாள். ரோசம்மாளும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரமே மூச்சு முட்டி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றிலிருந்து நாலு லிட்டர் நீரை ஊசி வழியாக இறக்கினார்கள். ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் முடிந்தபின் பெரிய டாக்டரம்மா சொன்னார்: சினைப்பையில் புற்றுநோய், வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது. ஆபரேஷனும் கீமோவும் உண்டு, ஆனால் முழுசாகக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சினைப்பைக் கட்டி மூத்திரப்பையை அழுத்தும். அடிக்கடி போக வேண்டியிருப்பது, உப்பசம், சீக்கிரம் வயிறு நிறைவது, இவை புதிதாக வந்து இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தாலே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

ஷைனிக்குக் கோபம் தாங்கவில்லை. டிஸ்பென்சரியில் இதை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று குரல் உயர்த்தினாள்.

ரோசம்மாள் மகளின் கையைப் பிடித்தாள்.

"கேட்டாங்க ஷைனி. தண்ணியே குடிக்காம இருந்துகினு, இல்லன்னு நான்தான் சொன்னேன்."