அவிழ்க்காத முடிப்பு

சத்தியவேடு பக்கத்துப் பொன்னியம்மாவுக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. நான்கு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நர்ஸ் அவளுடைய ஏழுகல் மூக்குத்தியைக் கழற்றிக் கணவர் நாகையாவிடம் கொடுத்தாள். பிழைத்து எழுந்து கேட்டபோது, "தொலஞ்சி போச்சி" என்றார். குடித்தே அழித்துவிட்டார் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள்.

"நீ பொழைக்கணும்னு முடிப்பு கட்டி வச்சிக்கீறேன். ரெண்டு பேரா திருப்பதி மலைக்கிப் போயி உண்டியல்ல போட்டுட்டு வரலாம்" என்று அவர் கூப்பிடுவார்.

"மூக்குத்தி வராம, மூளி மூக்கோட நான் வரமாட்டேன்" என்பாள்.

இப்படியே மூன்று வருஷம். போன ஆடியில் அவர் போய்விட்டார். "அந்த முடிப்ப மட்டும் அவுத்துடாத" என்பதுதான் கடைசிப் பேச்சு. சாமிக்கு நேர்ந்து காசை முடிந்து வைப்பதுதான் முடிப்பு; அவிழ்த்தால் வேண்டுதல் கெட்டுவிடும்.

சாவு நடந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறுவதில்லை. அந்த மஞ்சள் துணி முடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வடக்கே இருக்கும் மகள் ஹரிப்ரியாவிடம் விமானத்தில் போனாள். போகும்போது சோதனையில் செருப்பு, வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். முடிப்பை மட்டும் பெண் காவலர், "முடுபா அம்மா? வெள்ளண்டி" என்று தெலுங்கில் போகச் சொல்லி, கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

வருஷம் முடிந்து திரும்பும்போது வளையலை யாரும் கேட்கவில்லை. செருப்பையும் கேட்கவில்லை. ஒரே வருஷத்தில் அவை நல்லவையாகிவிட்டன, முடிப்பு பொல்லாததாகிவிட்டது! இந்தியில் அவிழ்க்கச் சொன்னார் காவலர். தரை தண்ணீராக மினுங்கியது. எல்லாரும் அதன்மேல் சத்தமில்லாமல் மிதந்து போவதாகத் தோன்றியது. இவள் மட்டும் முடிப்பைப் பொத்தியபடி நின்றாள்.

"விமானம் போனா போவட்டும். அவுக்க மாட்டேன்" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்ற திருப்பதிக்காரர் சுதீர் விஷயத்தை இந்தியில் சொன்னார். காவலர் யோசித்து, முடிப்பைத் தனியாக எந்திரத்தில் விட்டார். பிறகு திரையை இவள் பக்கம் திருப்பினார்.

"காசு இல்லம்மா, உள்ள ஒரு நகை இருக்குதாம். இன்னான்னு கேக்கறாரு" என்றார் சுதீர்.

திரையில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு புகை. அதன் நடுவே சின்ன வட்டமாக ஏழு குழி. ஒன்று காலி. அந்தக் கல் விழுந்தது கதிர் அறுப்பில். அவளுக்கு நாள்கூட நினைவிருந்தது.

"என் மூக்குத்தி" என்றாள். அழுகை பொங்கி வந்தது. காவலர் வேறொன்றும் கேட்காமல் முடிப்பை நீட்டினார்.

மேகத்துக்கு மேலே போகையில் விரல் இரண்டு முறை முடிச்சைத் தொட்டது. அவிழ்த்துப் போட்டுக்கொள்ள எவ்வளவு ஆசை! இதற்குப் பயந்துதானே அவர் தொலைந்ததென்று சொன்னார்! தொட்டதோடு சரி.

மறுநாள் மூளி மூக்கோடு மலை ஏறினாள். உண்டியலுக்குள் கையை விட்டவள் முடிப்பைச் சட்டென்று போடவில்லை. பின்னால் நெருக்கினார்கள்.

"யோவ், ரெண்டு பேராதான்யா வந்துக்கீறோம்" என்று சொல்லிவிட்டுக் கையைத் திறந்தாள்.