சொந்தமில்லை என்று எழுதிய கடதாசி

இல்லை, மேல்வீட்டு மனோகரி சொல்வது சுத்தப் பொய். என் மருமகள் வேணுகா பப்பாசிக்காய் தின்றும் பிள்ளையைக் கெடுக்கவில்லை, கண்ட குளிசையைப் போட்டும் கெடுக்கவில்லை. அந்த மனோகரி படிக்கட்டில் வைத்து என்னிடமே கேட்கிறாள்: "ஆச்சி, வயித்தில பிள்ளையோட கிழடுகளைத் தூக்கப் போனவளெல்லோ, பிள்ளைக்குத் தலை வளருமோ?" நான் சொன்னேன்: "உன்ர வாய் வளந்திருக்கிற அளவுக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் வளராது, போடி."

வேணுகா இங்கே சுவிஸில், ஓல்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். டொய்ச், அதுதான் ஜெர்மன் பாஷையை அங்கேதான் பிடித்தாள். தொண்ணூறு வயதுக் கிழவி கதைப்பதுபோலக் கதைக்கிறாள் என்று பேக்கரிக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். இவளும் கூடச் சிரிப்பாள். ரிஷானி பிறந்த பிறகு அந்தச் சிரிப்புக் குறைந்தது.

பேத்திக்கு இப்போது நாலு வயது. தலை ஒரு உரித்த தேங்காயை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நிமிர்ந்து இருக்கமாட்டாள், கதைக்கமாட்டாள். தாயின் குரல் கேட்டால் மட்டும் காலை உதைப்பாள்.

டொக்டர்மார் தாயைத்தான் கேட்டார்கள். காய்ச்சல் வந்ததா? பச்சை இறைச்சி சாப்பிட்டாயா? வீட்டில் பூனை இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, எந்த மாதம் என்ன தின்றேன் என்று தன்னையே விசாரிப்பாள். சோற்றுக்கு முன்னால் இருப்பாள், எழும்புவாள், திரும்பவும் இருப்பாள்.

இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் சொந்தமா? என் மகன் கோபிசன் உடனே இல்லை என்றான்.

வேணுகா என் கூடப்பிறந்த தம்பியின் மகள். நான்தான் கட்டிவைத்தேன். அவளை இங்கே கூப்பிடும்போது கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரன், மச்சான் மச்சாள் கலியாணத்தை வெள்ளைக்காரன் ஏற்கமாட்டான், சொந்தமில்லை என்று எழுதுங்கள் என்றான். எழுதினோம். அதற்குப் பிறகு எவர் கேட்டாலும் அதே பதில்தான்.

இப்போது வேணுகா திரும்பவும் பிள்ளைத்தாச்சி, எட்டுக் கிழமை. ஆராவ் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டொக்டர் அம்மா விளங்கப்படுத்தினாளாம். தாய்க்கும் தகப்பனுக்கும் பரம்பரையில் ஒரே பிழை ஒளிந்திருக்கலாம். ஒவ்வொருவரிடமும் அதற்குச் சோடியாகப் பிழையில்லாத ஒன்றும் இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பேருடைய பிழையும் ஒரே பிள்ளைக்குப் போனால், வயிற்றில் முதல் மாதங்களிலேயே மூளை பெருகவேண்டிய அளவு பெருகாது. நாலில் ஒரு பிள்ளைக்கு அப்படி வரலாம். இரண்டு பேருடைய இரத்தமும் வேண்டும், குடும்பக் கதையும் வேண்டும் என்றாள்.

கோபிசன் குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்தான். "பொய் எழுதினதெண்டு தெரிஞ்சா விசாவைப் பறிப்பாங்கள். பிறகு எல்லாரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

"சொந்தத்தில கட்ட இஞ்ச தடையே இல்லையாம். வேலையில கேட்டனான்," என்றாள் வேணுகா.

"பொய்க்குத் தடை இருக்கு!"

"எனக்கு விசா தெரியாது. வயித்தில இருக்கிறதுக்கு என்னெண்டு தெரியவேணும்."

மூன்று நாள் இதே சண்டை. செவ்வாய்க்கிழமை காலை அந்த டொக்டர் அம்மாவிடம் போக அவள் ரிஷானியை வண்டியில் இருத்திப் பட்டியைப் பூட்டினாள். கோபிசன் கதவில் சாய்ந்து நின்றான்.

"நீ தனியப் போய் என்னத்தைச் சொல்லப்போறாய்?"

"உள்ளதை."

எனக்கு இருக்கமுடியவில்லை. "விடடா அவளை," என்றேன். "பிள்ளை, இதையும் சொல்லு. எனக்கும் உன்ர கொப்பருக்கும் நடுவில ஒரு தம்பி இருந்தவன். அவனுக்கும் தலை இப்பிடித்தான். மூண்டு வயசில செத்துப்போனான். கலியாணம் குழம்புமெண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

வேணுகா வண்டியின் பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாலு வருசம் மாமி," என்றாள். "நாலு வருசமா நான் என்னத்தைத் திண்டனெண்டு தேடினனான்."

நான் குனிந்து ரிஷானியின் பட்டியைச் சரிபார்த்தேன்.

"அவற்ர பேர் என்ன?"

"மயில்வாகனம்."

கோபிசன் கதவை விட்டு விலகினான். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.