சூரன் காவியவர் பார்த்த சண்டைப் படம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்பு கடிதம் என்றால் இவர்தான் எழுதுவார், நான் கீழே கையெழுத்து மட்டும் போடுவேன். இப்போது மறதியும் வந்துவிட்டது. எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்று குழம்பும். சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை வாசியுங்கள். வாய் திறந்து சொல்ல முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன்.

இவர் என்றது என் கணவரை. வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். எங்கள் ஊர் முருகன் கோயிலில் சூரன்போர் அன்று சூரன் காவுகிறவர்களில் ஒருவர். மரத்தால் செய்த பெரிய சூரனைத் தடிகளில் ஏற்றித் தோளில் வைத்து, முருகனுக்கு முன்னால் பாய்வதும் பின்வாங்குவதுமாக ஆட்டுவார்கள், அதுதான் காவுவது. இவருக்குப் பின்தடியில் இடப்பக்கம். கலியாணத்துக்கு முந்தியிருந்தே அந்த இடம்தான். “சண்டைக்குள்ளை சூரன்ரை முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை, முதுகுதான் தெரியும்” என்பார்.

பின்தடியில் வலப்பக்கம் பிடித்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். இவருக்குச் சிநேகிதர், ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கதைப்பார்கள். என்னைத் தங்கச்சி என்பார். ஒரு வருடம் சூரன் பாயும் நேரத்தில் அவருடைய கால் மடங்கி, தடி தோளிலிருந்து நழுவிவிட்டது. சூரன் பின்பக்கமாகச் சரிந்தது. ஆட்கள் ஓடி வரும் வரைக்கும் இவர் தனியாகத் தாங்கிக்கொண்டு நின்றார். சூரன் விழவில்லை. இவருடைய இடத்தோள் போய்விட்டது. அந்தக் கை பிறகு நெஞ்சுக்கு மேலே உயரவில்லை.

அந்த வருடத்தோடு இரண்டு பேரும் காவுவதை விட்டார்கள். சிநேகிதர் பின்னேரங்களில் வருவார், வாசல் படலையடியில் நின்று மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போவார். தடி நழுவியதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, இவரும் கதைக்கவில்லை. எத்தனையோ வருடம் அப்படியே போயிற்று.

பிறகு இவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, கதையும் கொன்னியது. வலக்கை வருத்தத்தால் போனது, இடக்கை சூரனால் போனது. முன்பக்கக் கோலுக்குள், வந்தவர்கள் இருக்கிற இடத்தில், கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். கனடாவிலிருக்கும் மகன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டப் கொடுத்து அனுப்பினான். பெரிய போன் மாதிரி இருக்கும்.

“அம்மா, உதிலை பழைய படம், பக்திப் பாட்டு எல்லாம் வரும். உந்தச் சிவப்பை ஒருக்காத் தட்டினால் சரி” என்றான்.

தட்டினேன். கார்ட்டூன் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்காம், அது அங்கே பேரன் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடியது என்று பிறகுதான் விளங்கியது. மாற்றத் தெரியவில்லை. மகனிடம் திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது தன்பாட்டில் தொடங்கும். நானும் விட்டுவிட்டேன்.

பாஷை விளங்காது. கீழே இங்கிலிஷ் எழுத்து ஓடும், அதுவும் தெரியாது. மந்திரம் தெரிந்தவர்கள் நிலத்தில் வட்டம் கீறி ஏதோ சொல்வார்கள். வட்டத்துக்குள்ளே வெளிச்சம் வந்து, எப்போதோ செத்துப்போன போர்வீரன் ஒருவன் எழும்புவான். கூப்பிட்டவர் பின்னால் நிற்க, அவன் முன்னால் போய்ச் சண்டை பிடிப்பான். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு அதிலும் கூட விளங்கியது.

கறுப்புக் கவசம் போட்ட ஒருவன் இருந்தான். அவனைக் கூப்பிட்டவள் வெள்ளைத் தலைமயிருள்ள ஒரு பெட்டை.

“இஞ்சாரும், உந்தக் கறுப்பன் தன்ரை பலத்திலை பாயேல்லை. பின்னுக்கு நிக்கிற பெட்டைதான் காவுறாள்” என்றார்.

“அவள் சும்மா வாயைத்தானே அசைக்கிறாள்.”

“வடிவாப் பாரும். அவள் களைச்சால் இவன் சரியிறான்.”

பார்த்தேன். உண்மைதான்.

“உவன் நெடுகத் தோக்கிறான். வேறை ஆளைப் பிடியுங்கோவன்” என்றேன்.

“தோக்கிறவனைத்தானே நான் காவினது” என்று ஒரு பக்க வாயால் சிரித்தார்.

ஒருநாள் மகன் போன் எடுத்தபோது கோபமாக இருந்தான்.

“உவன் பொடியன் விடியப்புறமும் கார்ட்டூன் பாத்திருக்கிறான் அம்மா. எல்லாம் இதிலை காட்டுது. தான் இல்லையெண்டு பொய் வேறை. நல்ல ஏச்சு ஏசி, எல்லாத்தையும் பறிச்சு வைச்சிருக்கிறன்.”

அங்கே விடியப்புறம் என்றால் இங்கே பின்னேரம். பார்த்தது நாங்கள். “சொல்லும்” என்று இவர் கண்ணால் காட்டினார். நான் “ஓம் தம்பி” என்று மட்டும் சொன்னேன். பேரன் எங்களுக்காக ஏச்சு வாங்கினான்.

அதற்கு ஒரு கிழமை கழித்து, ஒரு பின்னேரம். படத்தில் மழை. கறுப்புக் கவசக்காரனுக்கு இடத்தோளில் வாள் வெட்டு விழுந்தது. பெட்டை உடைந்த மதிலில் முழங்காலில் இருந்தாள், வாய் மட்டும் அசைந்தது. அவன் பின்பக்கமாகச் சரியத் தொடங்கினான். இவருடைய இடக்கை தோளுக்கு மேலே ஒரு சாண் உயர்ந்தது. அந்தக் கை அப்படி உயர்ந்ததை நான் பல வருடமாகக் கண்டதில்லை.

“நீ விடு மச்சான். பின்னுக்கு நான் பிடிச்சிருக்கிறன். சரியாது” என்றார்.

சொல் தெளிவாக வந்தது. நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். திரும்பி வரும்போது படம் அடுத்த பகுதிக்குப் போயிருந்தது. இவருடைய கண் அந்தப் பக்கம்தான் இருந்தது. “இந்தாங்கோ தேத்தண்ணி” என்றேன். திரும்பவும் சொன்னேன். பிறகு டப்பைக் குப்புற வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி ஆறி ஆடை படியும் வரைக்கும் கையில் வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

செத்தவீட்டில் இவருடைய தங்கச்சி, எனக்கு மச்சாள், என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

“அண்ணை கடைசியா என்ன சொன்னவர் மச்சாள்? முருகா எண்டிருப்பார், என்ன?”

“ஓம்” என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போலக் கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். முன்னுக்கு இவருடைய படம், பிறகு தேவாரம், பிறகு இவரைப் பற்றிய விபரங்கள். மூன்றாம் பக்கத்தில், முருகா என்று சொல்லிக் கண்மூடினார் என்று அச்சடித்திருந்தது. சாப்பாடு முடிந்து பந்தலுக்குள் இருந்து வாசித்தார்கள். இப்போது சூரன் காவுகிற ஒருவர் சத்தமாகச் சொன்னார்:

“எங்கடை ஆள் கடைசி நேரத்திலை கட்சி மாறிட்டார் பாத்தியளே! சீவியம் முழுக்க முருகனோடை சண்டை பிடிச்சிட்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். இவருடைய சிநேகிதர் சிரிக்கவில்லை. புத்தகத்தோடு குசினி வாசலுக்கு வந்தார்.

“தங்கச்சி, உண்மையா அப்பிடியே சொன்னவன்?”

“ஓம் அண்ணை.”

“வேறை ஒண்டும் சொல்லேல்லையே? ஆரையும் கேக்கேல்லையே?”

“இல்லை.”

குசினி நிறைய மச்சாள்மாரும் பெறாமக்களும் நின்றார்கள். இவர் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் சொன்னார் என்று அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? அவர் புத்தகத்தை மடித்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு படலையடிக்கும் வருவதில்லை.

அந்தச் சொல் அவருடையது. நான் வைத்திருக்கிறேன்.

அவருக்கு இப்போது இருதய வருத்தம். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். போன கிழமை ஓட்டோவுக்குள் இருந்தவரைக் கண்டேன். முகம் சிறுத்துவிட்டது. இந்த ஐப்பசிச் சூரன்போர் வரைக்கும் இருப்பாரோ தெரியாது.

ஆனபடியால் இந்தக் கடதாசியை அவரிடம் கொடுக்கப் போகிறேன். கண் மங்கல், மருமகள் வாசித்துக் காட்டுவாள். இன்னொன்று எழுதி மகனுக்கும் அனுப்புவேன். கார்ட்டூன் பார்த்தது பொடியன் இல்லை தம்பி, அப்பாவும் நானும்தான்.

ஆனால் சிநேகிதர் எதையும் துருவிக் கேட்கிறவர். “பிறகு அந்தக் கறுப்பன் விழுந்தானோ தங்கச்சி?” என்று கட்டாயம் கேட்பார். எனக்குத் தெரியாது. டப்பில் தேடிப் பார்த்தேன். பேரனுடையதை எல்லாம் மகன் அழித்துவிட்டானாம். வேறு படங்கள்தான் வருகின்றன, எல்லாவற்றிலும் வாளோடு யாரோ நிற்கிறார்கள். பேரனைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அவரிடம் கொடுக்க முதல் இதை வாசிக்கிறவர்களில் அந்தப் படம் தெரிந்தவர்கள் இருந்தால் நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். கறுப்புக் கவசம், வெள்ளைத் தலைமயிர்ப் பெட்டை, உடைந்த மதில், மழை. வெட்டு விழுந்தது இடத்தோளில் என்றுதான் நினைக்கிறேன், அதையும் பாருங்கள். அதற்கு அடுத்த பகுதியில் அவன் எழும்பினானா, விழுந்தானா? விழுந்திருந்தால் விழுந்தான் என்றே சொல்லுங்கள். அவருக்கு நான் இன்னொரு தரம் பொய் சொல்லக்கூடாது.