அமலா கையெழுத்திடாத அறிக்கை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள எங்கள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. அமலா மாரடைப்பால் காலமாகிவிட்டார். சில நிமிடங்களில் நிர்வாக இயக்குநர் எழுதினார்: "நம் நிறுவனத்தின் தூண் சாய்ந்தது." அந்தத் தூணைக் கேட்டுக்கு வெளியே தள்ளியவர் அவர்தான். தள்ளும்போது பக்கத்தில் வாய்மூடி நின்றவன் நான்.

அமலாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். வடிவமைப்புப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் என் பக்கத்து மேசை. சென்சார் தரும் சில மில்லிவோல்ட் சிக்னலை, இரைச்சல் அண்டாமல் சிப் வரை கொண்டுசேர்ப்பதில் அவருக்கு இணையில்லை. யாராவது சர்க்யூட் வேலை செய்கிறது என்றால், "எப்ப வேலை செய்யாதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்பார். ஏசி அறையில் கருவாட்டுத் தொக்கைத் திறப்பார். முகம் சுளிப்பவர்களிடம், "இது அனலாக் வாசனை, ஃபில்டர் பண்ண முடியாது" என்று சிரிப்பார்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மருக்கு நாங்கள் ஒரு சர்க்யூட் போர்டு செய்தோம். விசிறியின் கரண்ட் திரும்பும் கிரவுண்ட் பாதையையே வெப்ப சென்சாரும் பகிர்ந்துகொண்டிருந்தது. விசிறி ஓடும்போது சென்சாரின் அளவு சற்றே இறங்கிவிடும். குழந்தையின் உடல் சுட்டாலும் திரை அளவு சரி என்றே காட்டும். அமலாதான் கண்டுபிடித்தார். போர்டைப் புதிதாக வரைய வேண்டும் என்றார்.

"சாஃப்ட்வேர்ல கொஞ்சம் கூட்டிப் போட்டுடுங்க. டெலிவரி தேதி சொல்லியாச்சு" என்றார் இயக்குநர்.

"விசிறியில தூசி சேந்தா கரண்ட் ஏறும் சார். அன்னிக்கு நீங்க கூட்டிப் போட்டது பத்தாது. சூடு மீறினா நிறுத்துற சர்க்யூட்டும் இதே சென்சாரைத்தான் நம்பிக்கிட்டிருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சோதனை அறிக்கை என் மேசைக்கு வந்தது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்திட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இயக்குநர் தோளில் தட்டினார், அவ்வளவுதான். அமலாவை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள்.

எட்டு மாதம் கழித்து, பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு சிறு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நான் அமலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு செவிலியர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "மெஷின் எல்லாம் சரின்னு காட்டுது. கொழந்தை செவந்து கெடக்குது, தொட்டா சுடுது. பிளக்கைப் புடுங்கிட்டேன். நான் எதை நம்புறது, சொல்லுங்க?"

"உங்க கையை நம்புங்க சிஸ்டர்" என்றார் அமலா. குழந்தை பிழைத்தது. விசிறியைக் கழற்றினோம், இறக்கைகளில் பஞ்சாகத் தூசி படிந்திருந்தது.

வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, வார்மர் போன ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் பெயரிலேயே கடிதம் எழுதினார் அமலா: உடனே நிறுத்துங்கள். அந்த வாரமே வேலை போயிற்று. பிறகு நிறுவனம் போர்டை மாற்றியது, அவர் வரைந்தபடியே. "எங்கள் புதிய பாதுகாப்பு வடிவமைப்பு" என்று விளம்பரமும் செய்தது. அந்த விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

அடக்கத்தன்று கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் இயக்குநர் பெரிய மலர்வளையத்தோடு இறங்கினார். பேக்கிங் பிரிவு முனுசாமி வழியை மறித்தார்.

"உயிரோட கீறப்போ கேட்டாண்ட வுடலை. இப்போ பூ எடுத்துகினு வந்துகீறியா சார்? போய்க்கினே இரு."

இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. எப்போதும் சொல்பவன்தானே. அன்று தலையைத் திருப்பிக்கொண்டேன். அதில் வீரம் ஏதும் இல்லை. எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவரிடம் சொன்னேன்: "அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டது நான்தாங்க."

"தெரியும் சார். சொல்லியிருக்கா."

"என்ன சொன்னாங்க?"

"'டைரக்டருக்கு சர்க்யூட் தெரியாது, விட்டுடலாம். இவருக்குத் தெரியுமே'ன்னு சொன்னா. அதுக்கப்புறம் உங்களைப் பத்தி அவ பேசினதே இல்ல."

பணி உடையிலேயே ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தச் செவிலியர். குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் பெட்டியின் மேல் மெல்லத் தூவினார். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தூவி நகர்ந்தார்கள். என் முறை வந்தபோது என் கை நீளவில்லை. பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன்.

போய் வாருங்கள், அமலா. மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதைக் கொடுக்கும் வேலையை உங்கள் மேல் சுமத்தும் உரிமை எனக்கு இல்லை.