ஐந்தாவது வரிசையில் இருந்த எண்

நேற்று மாலை நான்கு பத்துக்குத் தங்கபாண்டி போன் செய்தான். அண்ணனோடு வேலை பார்ப்பவன். "அக்கா, அண்ணே சேர்லயே சாஞ்சுட்டாரு. வெரசா வாங்க." சிலமலையில் பஸ் ஏறிப் போடி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான். "அண்ணே போயிட்டாருக்கா" என்று அண்ணனின் பையையும் போனையும் என் கையில் கொடுத்தான்.

என் அண்ணன் மகாராஜனுக்கு வயது நாற்பத்து நான்கு. என்ன வேலை பார்த்தான் என்று ஊரில் கேட்டால், "ஏலக்காய் கம்பெனியில கம்ப்யூட்டர்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

மலையில் இருபத்திரண்டு எஸ்டேட்டுகளில் ஏலச்செடிக்கு மருந்தடிப்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள். பூச்சிமருந்து உடம்பில் சேரச் சேர ரத்தத்தில் ஒரு சத்தின் அளவு இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் அந்த ஆள் மருந்துப் பக்கமே போகக் கூடாது. எஸ்டேட் கிளார்க்குகள் இந்த எண்களை எக்செல் கோப்பாக அனுப்புவார்கள். அண்ணன் அவற்றை அறிக்கை மென்பொருளில் ஏற்றுவான். அது பெயருக்கு எதிரே பச்சையோ சிவப்போ போடும். சிவப்பு வந்தவருக்கு வேறு வேலை.

நெடுவரிசைகளின் மேலிருக்கும் தலைப்பை அந்த மென்பொருள் படிக்காது, வரிசைகளை எண்ணும். ஐந்தாவது வரிசையில் இருப்பதுதான் இந்த மாத அளவு என்று அமைத்து வைத்திருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு எஸ்டேட்டில் மூன்று பேச்சிமுத்துகள் இருந்தார்கள். ஆள் மாறிவிடக் கூடாதென்று கிளார்க் கன்னையன் பெயருக்கு அடுத்து, தகப்பன் பெயருக்காக ஒரு வரிசையை நுழைத்தார். நல்ல எண்ணம்தான். மற்றதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போனது. வேலையில் சேரும்போது, மருந்து படாத உடம்பில் எடுத்த பழைய அளவு ஐந்தாவது இடத்துக்கு வந்தது. அதுவும் எண்தானே, மென்பொருள் முனகக்கூட இல்லை. அந்த எஸ்டேட்டில் அத்தனை பேரும் பச்சை.

ஒரு பேச்சிமுத்து மேலும் ஐந்து வாரம் மருந்தடித்தார். பிறகு முதுகில் டேங்கோடு விழுந்தார்.

அண்ணன் ஜீப் பிடித்து மேலே போனான். நானும் கூடப் போனேன். டீ டம்ளர் பேச்சிமுத்துவின் கையில் நிற்கவில்லை. அவர் மனைவி அன்னக்கொடிதான் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"நீங்கதான் அந்தப் பச்சை போட்டவுகளா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஆமாக்கா. நாந்தான்."

"இவுக தலை சுத்துதுன்னு சொன்னப்ப சூப்பர்வைசரு தாளைத் தூக்கிக் காட்டுனாரு தம்பி. பச்சையா இருக்கு, நடிக்காதேன்னாரு."

பேச்சிமுத்து சிரித்தார். "விடு புள்ள. மூணு பேச்சிமுத்துல நாந்தேன் ஒசத்தின்னு மிசினுக்கே தெரிஞ்சிருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் மேனேஜர் செழியனிடம் போய் நின்றிருக்கிறான். தங்கபாண்டிதான் பிறகு எனக்குச் சொன்னான்.

"தலைப்பு மாறி வந்தா ஏத்தாம நிக்கிற மாதிரி வைக்கணும் சார்."

"நின்னா ரிப்போர்ட்டு எப்பய்யா போறது? எஸ்டேட்காரன் எனக்கில்ல போனைப் போடுவான்!"

"நின்னா போன் போட்டாவது கேப்பாங்க சார். தப்பா ஓடுனா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"மகாராஜா, ஒன் சோலியப் பாரு."

பார்த்தான். ஒரு நீள நோட்டில் எஸ்டேட் வாரியாகத் தலைப்புகளை எழுதினான். இந்த மாத அளவை ஒருவர் 'ரத்தம் 2' என்பார், இன்னொருவர் 'புது ரிசல்ட்' என்பார், ஒரு எஸ்டேட்டில் தலைப்பெல்லாம் மலையாளத்தில் வரும். இடதுபக்கம் அவர்கள் வைத்த பெயர், வலதுபக்கம் அதன் பொருள். தெரியாத தலைப்பு வந்தால் கிளார்க்குக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுவான். அதற்குப் பிறகே வரிசைகளைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்து ஏற்றுவான். ஒவ்வொரு மாதமும், இருபத்திரண்டு எஸ்டேட்டுக்கும். செழியன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "என்ன மகாராஜா, ஜாதகம் எழுதியாச்சா?" என்று கேட்பாராம்.

நேற்று ஆறரைக்கு, அண்ணனை இன்னும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவன் போன் அடித்தது. செழியன்.

"நம்பவே முடியலம்மா. தங்கமான மனுசன்." பிறகு விஷயத்துக்கு வந்தார். "அந்த லிஸ்டு நோட்டு பையில இருக்காம்மா? இன்னைக்கு ரிப்போர்ட்டு போகணும்."

போனைத் தூக்கி எறிந்திருப்பேன். அன்னக்கொடி பிடித்திருந்த டம்ளர் நினைவுக்கு வந்தது. பிணவறை வாசலில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினேன்.

"கடைசி எஸ்டேட்டுக்கு மட்டும் பாதியில நிக்குது சார். ரெண்டு தலைப்பு புதுசா வந்திருக்கு. கேட்டுட்டு ஏத்துங்க."

"பாத்துக்கறோம்மா. நீ அழுகாம இரு."

நான் அழவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "எல்லாம் ஏறிருச்சும்மா. ஒரு தடங்கலும் இல்ல."

கடைசி எஸ்டேட் கிளார்க்குக்கு யாராவது போன் செய்தார்களா என்று தங்கபாண்டியைக் கேட்டேன். "போடச் சொல்லலியேக்கா" என்றான். அண்ணன் போனிலிருந்த அந்தக் கிளார்க்கின் எண்ணுக்கு நானே இன்று போட்டேன்.

"எல்லாம் பச்சையாத்தான வந்திருக்கு. நீங்க யாரு?" என்றது ஒரு குரல். நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இடதுபக்கம் இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. வலதுபக்கம் அவன் எதுவும் எழுதவில்லை. அந்த எஸ்டேட்டில் மருந்தடிப்பவர்கள் நாற்பத்தொரு பேர்.