அமைச்சருக்கு நான் எழுதிய சி.ஆர்.

பெரியவளே, சின்னவனே, உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பெரியவளுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அவள் சொல்லும்போதெல்லாம் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொல்கிறாள். சின்னவனுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றும் ஞாபகமிருக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது எனக்குப் பாதுகாப்பு.

அப்போது நாம் டில்லியில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பத்தாவது வரை படித்தவன். அலுவலகத்தில் ரகசியப் பிரிவில் வேலை. ரகசியம் என்றதும் உளவு, துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஊழியரைப் பற்றியும் அவருடைய மேலதிகாரி வருஷத்துக்கு ஒரு முறை குண அறிக்கை எழுதுவார். அதற்கு சி.ஆர். என்று பெயர். வந்த சி.ஆர்.களை அடுக்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது என் வேலை. பூட்டுவதற்கு முன் படித்துப் பார்ப்பது என் வழக்கம்.

பெரியவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதில் தமிழா ஹிந்தியா என்று எழுதிக் கொடுக்க ஒரு படிவம் வந்திருந்தது. தமிழில் அவளுக்கு வரிசையாக மூன்று பரீட்சைகளில் தோல்வி. தமிழ்ப் பாடத்தின் ஓரத்தில் ஹிந்தி எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு படிப்பவள் அவள்.

"அப்பா, இந்த ப்ராஜெக்ட்ல மட்டும் பாஸாகலேன்னா நான் ஹிந்தி எடுத்துப்பேன். பக்கா. அப்புறம் அழக்கூடாது."

"யாரு அழறது?"

"நீங்கதான்."

அவள் சொன்னது சரி. எனக்கு மனசுவிட்டு எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். அவள் அதை விட்டுவிட்டால் நான் எழுதி வைப்பதைப் படிக்க வீட்டில் ஆள் இருக்காது. அக்காவைப் பார்த்துத் தம்பியும் விட்டுவிடுவான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ப்ராஜெக்ட் இதுதான்: பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு பழைய செய்யுள் நாடகத்திலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் குணநலன்களையும் நாடகத்தின் கருப்பொருளையும் ஆராய்ந்து நான்கு பக்கம் எழுத வேண்டும். பெரியவள் அமைச்சரை எடுத்திருந்தாள். அவருக்குத்தான் வசனம் குறைவாம்.

"கொடு, நான் எழுதறேன்" என்றேன். ஒரு மனிதனின் குணத்தை எப்படி எழுதுவது என்று எனக்கா தெரியாது?

முதல் இரண்டு காட்சிகள் படித்தேன். அரசனுக்குத் தெரியாமல் அமைச்சர் எதிரி நாட்டுத் தூதனோடு கோயில் மண்டபத்தில் கிசுகிசுவென்று பேசுகிறார். அது போதும் என்று புத்தகத்தை மூடிவிட்டேன். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் எழுதிய சி.ஆர்.களை நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

வேலைத்திறன்: திருப்திகரம். காலந்தவறாமை: அவைக்கு உரிய நேரத்தில் வருகிறார்; எங்கே போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கீழ்ப்பணியாளர்களுடன் உறவு: சுமுகம். நேர்மை: ஐயத்திற்குரியது. பதவி உயர்வுக்குத் தகுதி: தற்போது இல்லை.

நான் வாய்விட்டுப் படித்ததை உங்கள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தாள். "ஏங்க, மந்திரிக்குப் பதவி உயர்வுன்னா அவரு ராஜாவாத்தானே ஆகணும்?"

"அதனாலதான் 'தற்போது இல்லை'ன்னு போட்டிருக்கேன்."

சனிக்கிழமை தமிழ் டீச்சர் என்னையும் பெரியவளையும் வரச் சொன்னார். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இதை யாரு எழுதினது?"

"பொண்ணுதான்."

"எட்டாங்கிளாஸ் பொண்ணு 'மேற்படி அலுவலர்'னு எழுதுமா சார்?"

நான் சுவரிலிருந்த இந்தியா படத்தைப் பார்த்தேன்.

"கடைசி அங்கம் படிச்சீங்களா?"

"மேலோட்டமா படிச்சேன்."

"எவ்வளவு மேலோட்டமா?"

"மேலேயே நின்னுட்டேன் டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அப்புறம் கதையைச் சொன்னார். அமைச்சர் தூதனிடம் பேசியது அரசனின் உயிரைக் காப்பாற்றத்தான். அரசன் என்னைப் போலவே அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் அமைச்சரின் தலையை வெட்டச் சொல்லிவிடுகிறான். உண்மை அவனுக்குக் கடைசி அங்கத்தில்தான் தெரிகிறது.

"விசாரிக்காம தீர்ப்பு சொல்றதுதான் நாடகத்தோட கருப்பொருளே. நீங்க அதை ஆராயலை சார். ராஜா செஞ்சதை அப்படியே திரும்பச் செஞ்சிருக்கீங்க."

என்னை ஒருவர் ராஜாவோடு சேர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. ஆனால் சந்தோஷப்படுகிற இடமாக அது இல்லை.

திங்கட்கிழமை வரை டீச்சர் அவகாசம் கொடுத்தார். படிவம் கொடுக்கவும் அன்றுதான் கடைசி நாள். பஸ்ஸில் பெரியவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஹிந்திதான், முடிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நம் ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல ஒருத்தர பத்தி கெட்டதா எழுதினா, அவர் சும்மா இருக்கணுமா?"

"சும்மா எதுக்கு? எழுதினத அவருக்குத் தெரிவிக்கணும். ஒரு மாசத்துக்குள்ள அவர் விளக்கம் எழுதிக் கொடுக்கலாம். ரூல் இருக்கு."

"அப்போ மந்திரிக்கு?"

"மந்திரிக்கு என்ன?"

"ராஜாவும் கேக்கலே. நீங்களும் கேக்கலே."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து எழுதினாள். என்னைக் கிட்டே விடவில்லை. அகராதி மாதிரி தூரத்திலிருந்து பதில் சொல்ல மட்டும் அனுமதி.

"அப்பா, 'சொன்னேன்'னுக்கு மரியாதையா என்ன?"

"தெரிவித்துக்கொண்டேன்."

"'கலா காட் தியா'வுக்கு?"

"கழுத்தை வெட்டினீர்கள்."

"ராஜாகிட்ட பேசறாரு பா. மரியாதையா சொல்லுங்க."

நான் ரொம்ப நேரம் யோசித்தேன். "சிரச்சேதம் செய்தருளினீர்கள்."

"அச்சா, ஸ்பெல்லிங்?"

திங்கட்கிழமை அதை வகுப்பில் படித்தாள். அமைச்சர் தன் சி.ஆர்.மீது அரசனுக்குக் கொடுக்கும் விளக்கம். மாலையில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் எட்டு வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். 'நான் எதிரி கூட பேசினேன். சரி. என்ன பேசினேன் என்று ஒருத்தர்கூட கேட்கவில்லை' என்று ஆரம்பித்து, 'சிரச்சேதம் செய்தருளின பிரகு விளக்கம் கேட்டால் எந்த வாயால் தெரிவித்துக்கொள்வது' என்று முடியும். 'பிறகு'வில் சின்ன 'ர' போட்டிருந்தாள். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். கீழே தேர்ச்சிக்கு வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகவும், பக்கத்தில் 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று டீச்சரின் கையெழுத்தும் இருந்தன.

"படிவம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"தமிழ்னு டிக் பண்ணி குடுத்துட்டேன். நாளைக்கு வந்து அதுல சைன் போடச் சொன்னாங்க டீச்சர். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"இனிமே எனக்கு நீங்க எழுதித் தரக்கூடாது. ஹெல்ப் வேணாம்."

"சரி."

"அழறீங்க."

"வெங்காயம்."

"அம்மா இன்னும் வெங்காயமே எடுக்கலே."

அந்த வாரத்தில் உங்களுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லை. அன்று பெரியவளின் பையிலிருந்து பாடப்புத்தகத்தை அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு சீட்டாடினார்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கடைசி அங்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். நான்கு சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. அமைச்சரைக் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகிற இடம் வந்ததும் எழுந்து நின்றேன். அக்கம்பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவருடைய வசனத்தை வாய்விட்டுப் படித்தேன். நடுவில் அடைப்புக்குறிக்குள் 'இருமுகிறார்' என்று போட்டிருந்தது. இருமினேன்.